சுதந்திரப் பள்ளு: தீர்க்கதரிசனமா, தீராக் கடனா?

பாரதியாரின் 'சுதந்திரப் பள்ளு' பற்றித் தமிழ் வகுப்பறைகளில் ஒரு கூற்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1921ஆம் ஆண்டில் மறைந்த கவிஞர் 1947ஆம் ஆண்டில் வந்த விடுதலையை முன்கூட்டியே கண்டார். கண்டு, வந்துவிட்டதாகவே பாடினார். ஆகவே அவர் தீர்க்கதரிசி என்பதே அக்கூற்று. மேடைப் பேச்சாளர் அதனை முழங்குவர். மாணவர் அதனைத் தேர்வுத்தாளில் எழுதுவர். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் இடுவர். கேட்பதற்கு இனிய புகழுரைதான். ஆயினும் அப்புகழுரையைப் பாட்டைப் படிக்காமலே சொல்லிவிடலாம் என்பது அதன் முதற்குறை. பாட்டைப் படித்தபின் சொல்ல இயலாது என்பது அதனினும் பெரிய குறை.

புதிதாகப் பெற்ற விடுதலையின் களிப்பையும் நாளை பற்றிய நம்பிக்கையையும் பாடும் தமிழ்ப் பாட்டுகளுள் இதற்கு இணையாகப் பரவியது வேறில்லை எனலாம். அத்தகைய பாட்டைத் தவறாகக் கற்பிப்பது சிறுபிழை ஆகாது. விடுதலை என்றால் என்ன என்பதையே அது தவறாகக் கற்பித்துவிடும்.

கணக்கில் வராத மூன்று

பாட்டின் அமைப்பைக் காண்க. பல்லவியை அடுத்து ஐந்து சரணங்கள் உள்ளன. முதற்சரணம், போய்த்தொலைந்த காலங்களின் பட்டியல். அப்பட்டியலில் நான்கு செய்திகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. பிறப்பால் உயர்ந்தவன் என்று ஒருவனை வணங்கி அழைத்த காலம் முதலாவது. வெள்ளையனைத் தலைவனாக ஏற்று அழைத்த காலம் இரண்டாவது. பிறர் இடுவதைப் பெற்று வாழ்வோர்க்குப் பணிந்த காலம் மூன்றாவது. ஏமாற்றுவோர்க்கு ஏவல் செய்த காலம் நான்காவது. நான்கும் போயின என்கிறது பாட்டு.

1947இல் போனது இந்நான்கனுள் எது? இரண்டாவது ஒன்றே. ஆங்கிலேயன் கப்பல் ஏறினான். முதலாவது போயிற்றா? தீண்டாமை 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் விதியால் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவில், தஞ்சைத் தரணியின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். மாண்டவர் அனைவரும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. விடுதலை பெற்று 21 ஆண்டுகள் கழிந்த பின்னர், பள்ளுப் பாட வேண்டிய மக்களுக்கு நேர்ந்த கதி இது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' என்னும் புதினம் இந்நிகழ்ச்சியின் அடியாகப் பிறந்ததே.

இனி, தீர்க்கதரிசனம் என்போர் விடை கூறட்டும். ஒருவன் நான்கு செய்திகளை முன்னறிவித்து, அவற்றுள் ஒன்று மட்டும் பலித்தால் அவனைத் தீர்க்கதரிசி என்று உலகம் கூறுமா? கூறாது, முக்காற்பங்கு பிழைத்தவன் என்றே கூறும். பாரதியாரைத் தீர்க்கதரிசி ஆக்குவோர் அவரைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு, அவரைப் பிழைபட்ட சோதிடராக ஆக்கிவிடுகின்றனர். இவ்விடரிலிருந்து தப்புவதற்கு அவர்களுக்கு ஒரே வழிதான் உண்டு. முதற்சரணத்தை விரைந்து கடந்துவிடுவது அல்லது விட்டுவிடுவதுதான் அது. சில மேடைகளில் நிகழ்வதும் அதுவே. நான்கில் மூன்றை மறைத்தால் மீதி ஒன்று முழு உண்மையாகத் தோன்றும் அன்றோ!

இம்மயக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பதும் ஆராயத்தக்கது. 1947ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'நாம் இருவர்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் டி. கே. பட்டம்மாள் இப்பாட்டைப் பாட, குமாரி கமலா ஆடினார். ஏழு திங்கள் கழித்து விடுதலை வந்தது. பாட்டும் விடுதலையும் இவ்வளவு அணுக்கமாக நின்றமையால், ஒன்று மற்றொன்றின் அறிவிப்பு என்றே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. இசையும் ஆடலும் பாட்டைப் பரப்பின. பொருளை ஒரு நாளோடு கட்டிப்போட்டன.

இலக்கணம் தரும் விடை

வாராத விடுதலையை வந்ததாகப் பாடியது ஏன் என்னும் வினாவுக்கு விடை தேடி எங்கும் அலைய வேண்டுவதில்லை. தமிழாசிரியரின் கைக்கு எட்டும் இலக்கண நூலிலேயே அவ்விடை உள்ளது. ஒரு காலத்தை மற்றொரு காலமாகக் கூறுவது வழு எனினும், தக்க காரணம் இருப்பின் அமைத்துக்கொள்ளப்படும். அதுவே காலவழுவமைதி. தொல்காப்பியர் வினையியலில் இதனைப் பேசுகிறார். பவணந்தியார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு எனக் காரணங்களை நான்காக வகுத்துரைக்கிறார். தீர்க்கதரிசனம் என்பது அந்நான்கனுள் இல்லை.

உண்டுகொண்டிருப்பவனை வாசலில் நின்று நண்பன் அழைக்கிறான். "இதோ வந்துவிட்டேன்" என்று உள்ளிருந்து விடை வருகிறது. அவன் இன்னும் கை கழுவவும் இல்லை. வராதவன் வந்ததாகக் கூறிய அவனைத் தீர்க்கதரிசி என்று எவரேனும் போற்றுவரா? வருவதாக வாக்குத் தந்தான் என்றே நண்பன் கொள்வான். நெடுநேரம் ஆகியும் வாராவிடின் மீண்டும் கதவைத் தட்டுவான். விரைவு பற்றிய இறந்தகாலம் என்பது இதுதான். அது நாளையைப் பற்றிய செய்தி அல்ல. நாளைக்குத் தன்னைப் பிணையாக வைக்கும் வாக்கு.

சுதந்திரப் பள்ளில் வரும் இறந்தகாலம் அத்தகையது. விரைவும் தெளிவும் அதன் காரணங்கள். அடிமைத்தனம் போயிற்று என்று பாடுபவன் அதனைப் போக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான். எல்லாரும் நிகர் என்பது உறுதியாயிற்று என்று பாடுபவன் இனி நிகரற்ற நடத்தையைத் தான் பொறுப்பதில்லை என்று பறைசாற்றுகிறான். பாட்டைப் பன்மையில் அமைத்திருப்பதும் இதனாலேயே. கூடி ஆடுவோரும் கூடிப் பாடுவோரும் ஆகிய அனைவரும் அவ்வாக்கிற்குக் கையொப்பம் இட்டவர் ஆகின்றனர். தீர்க்கதரிசனம் என்றால் கேட்போர் வியந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாக்கு என்றால் போக இயலாது. இரு விளக்கங்களுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. முன்னது எளிதாகப் பரவியதன் காரணமும் இதுவே.

பள்ளு என்னும் வடிவம்

கவிஞர் பள்ளு வடிவத்தை ஏன் தேர்ந்தார் என்னும் வினாவும் வகுப்பறையில் எழுவதில்லை. 'நாட்டுப்புற மெட்டு, மக்களுக்கு எளிது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். பள்ளு நூல்களைப் படித்தவர்க்கு அவ்விடை போதாது.

முக்கூடற்பள்ளைக் காண்க. பாரதியார் பிறந்த நெல்லைச் சீமைக்கு உரிய நூல் அது. அதன் தலைவன் வடிவழகக் குடும்பன். அவனுக்கு மனைவியர் இருவர். அவர்களுக்கு மேலே அதிகாரம் செலுத்துபவன் பண்ணைக்காரன். மாட்டு வகையும் நெல் வகையும் மீன் வகையும் அழகுற அடுக்கப்படும் அந்நூலில், உழுது விளைவிப்பவன் பண்ணைக்காரனால் தொழுவில் மாட்டப்படுகிறான். அவனை விடுவிக்குமாறு மூத்த மனைவி கெஞ்சுகிறாள். இக்காட்சியில் அன்றைய அவையினர் நகைச்சுவையைக் கண்டனர். உழைப்பவன் விலங்குண்டு கிடத்தல், சிற்றிலக்கிய மரபில் சுவைக்குரிய ஓர் உறுப்பாக இருந்தது.

பாரதியார் அந்த வடிவத்தை எடுத்தார். அதன் தலைவனைத் தொழுவிலிருந்து எழுப்பினார். பண்ணைக்காரனை மேடையை விட்டு அகற்றினார். பாட்டின் தலைப்பை ஒட்டி 'பள்ளர் களியாட்டம்' என்னும் குறிப்பு அமைந்திருப்பது தற்செயல் அன்று. நாட்டின் விடுதலையை முதலிற் கொண்டாடும் உரிமை அந்நாட்டில் மிகத் தாழ்த்தப்பட்டவனுக்கே உண்டு என்பது அக்குறிப்பின் பொருள். அவன் வாயிலிருந்து களிப்பு எழும்வரை வேறு எவர் வாயிலிருந்து எழுந்தாலும் அது விடுதலைக் களிப்பு ஆகாது. நான்காம் சரணத்தில் உழுவோரையும் தொழில் செய்வோரையும் போற்றி, உழையாமல் உண்டு களிப்போரைப் பழிக்கும் குரல் இதன் தொடர்ச்சியே.

உயர்சாதியிற் பிறந்த ஒருவர் ஒடுக்கப்பட்டோரின் குரலைத் தம் குரலாக்கிக்கொள்ளலாமா என்று தடை எழுப்புவாரும் உளர். தடை நேர்மையானதே. ஆயினும் இப்பாட்டில் முதல் அடி யார்மேல் விழுகிறது என்பதை நோக்க வேண்டும். அது வெள்ளையன்மேல் விழவில்லை; கவிஞர் பிறந்த குலத்தின் பெருமிதத்தின்மேல் விழுகிறது. புதுவையில் வாழ்ந்த நாளில் ஒடுக்கப்பட்ட குலத்து இளைஞரான கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தவர் அவர். அச்செயலால் சாதி ஒழிந்துவிடவில்லை என்பது உண்மை. எனினும் பாட்டில் பிறர்க்குச் சொன்னதைத் தம் வீட்டில் தொடங்கியவர் என்பதற்கு அது சான்று.

ஐந்தாம் சரணத்தில் வாழும் நிலம் தமதே என்று உரிமை கூறி, மண்மேல் எவர்க்கும் ஆட்படோம், முழுமுதற் பொருள் ஒன்றுக்கே ஆட்படுவோம் என்று பாட்டு முடிகிறது. இக்குரல் தமிழுக்குப் புதிதன்று. பல்லவ மன்னனின் ஆணையை மறுத்து நின்ற திருநாவுக்கரசரின் குரல் இது. தொழுவிற் கிடந்த பள்ளனின் வாயில் நாவுக்கரசரின் வீறு வந்து அமர்கிறது. இலக்கிய மரபில் எங்கோ கீழே வைக்கப்பட்ட வடிவமும் எங்கோ உயரே வைக்கப்பட்ட குரலும் ஒரே பாட்டில் ஒன்றாகின்றன. சமன்மை என்னும் பொருளைப் பாட்டின் அமைப்பே செய்து காட்டுகிறது.

சிங்கப்பூரின் பாட்டா இது?

இங்கே மற்றொரு சாரார் தடை எழுப்புவர். 'இஃது இந்திய விடுதலையின் பாட்டு. சிங்கப்பூரிற் பிறந்து வளரும் தமிழ் மாணவனுக்கு இதனோடு என்ன உறவு? மொழிப்பயிற்சிக்காகப் படித்துவிட்டு விடலாம்' என்பது அவர்தம் கருத்து. பாட்டைத் தீர்க்கதரிசனமாகக் கொண்டால் இக்கருத்து சரியே. பலித்துவிட்ட அயல்நாட்டுச் சோதிடத்தில் இம்மண்ணின் மாணவனுக்கு என்ன வேலை? ஆனால் வாக்காகக் கொண்டால் நிலை வேறு. அவ்வாக்கின் ஒவ்வொரு பகுதியும் இத்தீவில் சோதிக்கப்பட்டிருக்கிறது.

முதற்சரணத்தின் முதற்செய்தியை எடுத்துக்கொள்க. பெரியார் ஈ. வெ. ரா. 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். ஆங்கிலேயன் கொடி உயரப் பறந்துகொண்டிருந்த நாளிலேயே, சாதிப் பெருமை போக வேண்டும் என்று இந்நகரத் தமிழர் முழங்கினர். வெள்ளையன் போனபிறகு சாதியைப் பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பாட்டில் உள்ள வரிசையும் அதுவே அன்றோ?

இரண்டாவது செய்திக்கு இத்தீவு தந்த பாடம் கசப்பானது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் போர்வீரர் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு அண்டையில் உள்ள இடம் அது. 1943 சூலை 5ஆம் நாள் பாடாங் திடலில் சுபாசு சந்திர போசு இந்திய தேசியப் படையின் அணிவகுப்பை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. கையில் நாடில்லாமலே நாட்டின் அரசை அறிவித்தது வரலாற்றின் காலவழுவமைதி. மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அப்படையிற் சேர்ந்தனர். துரையின்முன் கைகட்டி நின்றவன் துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்த காட்சியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

ஆனால் அதே ஆண்டுகளில் அதே தோட்டங்களிலிருந்து எண்ணற்ற தமிழர் சயாம் மரண இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு, நோயிலும் பசியிலும் மடிந்தனர். வெள்ளையன் போனான்; வேறொரு தலைவன் வந்தான். ஆள்பவனின் நிறம் மாறுவதே விடுதலை என்று எண்ணுவோர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமா? எவர்க்கும் ஆட்படோம் என்னும் ஐந்தாம் சரணத்தின் முழுப்பொருளை இம்மண்ணின் தமிழர் தம் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றனர்.

வாழும் நிலம் தமதே என்னும் உரிமைக்கூற்றும் இங்கே வேறொரு வடிவில் வந்தது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. ஊருக்குத் திரும்பும் எண்ணத்திலேயே காலங்கழித்த தமிழரைக் குடியுரிமை பெறுமாறு சாரங்கபாணி தூண்டினார். பிறந்த நிலத்தை நினைத்துப் பாடிக்கொண்டே இருக்கும் நிலத்தில் விருந்தாளியாக வாழ்வது பள்ளின் பொருளுக்கு மாறானது. நிலம் உரியது என்று பாட்டிற் கூறியவன் அதனை விண்ணப்பத்தாளிலும் கூற வேண்டும் என்பதை அவர் உணர்த்தினார்.

பாட்டு முந்திய நாடும் உறுதிமொழி பிந்திய நாடும்

1965 ஆகத்து 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடானது. அந்நாளில் பிரதமர் லீ குவான் இயூ தொலைக்காட்சியில் கண்கலங்கியதை உலகம் அறியும். களியாட்டத்தோடு பிறந்த விடுதலை அன்று அது; கண்ணீரோடும் கவலையோடும் பிறந்தது. முன்கூட்டிப் பாடிவைத்த பள்ளு எதுவும் அதற்கு இல்லை. அடுத்த ஆண்டு, 1966இல், அமைச்சர் சி. இராசரத்தினம் நாட்டின் உறுதிமொழியை வரைந்தார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்த தமிழர் அவர். இன, மொழி, சமய வேற்றுமை பாராது ஒரே மக்களாய் நின்று, நீதியும் சமத்துவமும் அடிப்படையாக அமைந்த சமுதாயத்தைக் கட்டுவோம் என்பது அதன் கருத்து. அதனைப் பள்ளி மாணவர் இன்றும் கூறுகின்றனர்.

இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரின் கண்களைத் திறந்தவர் ஆவார். இந்தியாவில் பாட்டு முன்னே வந்தது. விடுதலை பின்னே வந்தது. சிங்கப்பூரில் விடுதலை முன்னே வந்தது. உறுதிமொழி பின்னே வந்தது. பள்ளு இறந்தகாலத்திற் பேசுகிறது; உறுதிமொழி எதிர்காலத்தை நோக்கிப் பேசுகிறது. ஆயினும் இரண்டும் கேட்பது ஒன்றையே. எல்லாரும் நிகர் என்னும் நிலையையே இரண்டும் கேட்கின்றன. விடுதலை ஒரு நாளில் கிடைக்கலாம். அந்நிலை ஒரு நாளிற் கிடைப்பதில்லை என்பதை இரண்டு நாடுகளின் வரலாறும் ஒருங்கே உரைக்கின்றன.

எஞ்சியிருப்பது நான்காம் சரணம். அதுவே இன்றைய சிங்கப்பூர்த் தமிழரை நேர்முகமாக நோக்கிப் பேசுவது. இந்நகரம் உழைப்பால் எழுந்தது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூசு பேராலயம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. துறைமுகத்திலும் சாலையிலும் இரயில் பாதையிலும் தமிழ்க் கூலிகளின் வியர்வை கலந்திருக்கிறது. அவர்தம் பேரர்கள் இன்று ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர். பெருமைக்குரிய வளர்ச்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்கும் தேக்காவுக்கும் செல்வோர் காண்பது என்ன? தமிழகத்திலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த இளைஞர் புல்தரையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுகின்றனர். வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுக்கு ஆளானோருள் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் நெருங்கி வாழ்ந்த வெளிநாட்டுத் தொழிலாளரே. அடுக்குமாடிகளைக் கட்டியவன் எவ்விடத்தில் உறங்குகிறான் என்பதை நாடு அப்போதுதான் கூர்ந்து நோக்கியது. அவர்களை 'ஊர்க்காரன்' என்று இகழ்ச்சி தொனிக்க அழைத்துவிட்டு, அரங்கில் ஏறிப் பள்ளுப் பாடும் தமிழன் பாட்டில் எவ்விடத்தில் நிற்கிறான்? களியாடுவோர் வரிசையில் நிற்கவில்லை. மேடையை விட்டுப் பாரதியார் அகற்றிய பண்ணைக்காரனின் இடத்தில் நிற்கிறான்.

இது கடுஞ்சொல் என்று எவரேனும் கருதலாம். பாட்டு இதனினும் கடியது. உழைப்பை வணங்குக என்று அது வேண்டிக்கொள்ளவில்லை. உழைப்பவன் வணங்கப்பட்டுவிட்ட ஓர் உலகில் நின்று பேசுகிறது. அவ்வுலகுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் புல்தரைக்கும் உள்ள தொலைவை அளப்பதே இப்பாட்டைப் படிப்பதன் பயன்.

ஆசிரியர் செய்யத்தக்கது

'பாரதியாரின் தீர்க்கதரிசனத்தை விளக்குக' என்னும் வினாவை ஆசிரியர் கைவிட வேண்டும். அவ்வினா விடையைத் தானே சொல்லிவிடுகிறது. மாணவனைச் சிந்திக்க விடுவதில்லை. அதற்கு மாற்றாக, போயின என்று பாட்டுக் கூறுவனவற்றை வரிசையாக எழுதச் செய்க. ஒவ்வொன்றுக்கும் எதிரே, போயிற்றா, போகவில்லையா, எங்கே போயிற்று, எங்கே எஞ்சியிருக்கிறது என்று எழுதச் செய்க. ஐந்து சரணங்களையும் கற்பிக்க. சங்கடம் தரும் சரணத்தை முதலிற் கற்பிக்க. காலவழுவமைதியை இலக்கணப் பாடத்தோடு நிறுத்தாமல் இப்பாட்டிற் காட்டுக. இலக்கணம் உயிருள்ளது என்பதை மாணவன் அன்று உணர்வான்.

இவ்வாறு கற்பித்தால் பாட்டின் களிப்புக் குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. நம்பிக்கை என்பது எல்லாம் நிறைவேறிவிட்டது என்னும் மயக்கம் அன்று. நிறைவேறாததை நிறைவேறியதாகவே கண்டு, அதற்குக் குறைவான எதையும் ஏற்க மறுக்கும் பிடிவாதமே நம்பிக்கை. அப்பிடிவாதம் இல்லாதவர் பாட்டைப் பாராட்டலாம், பாட இயலாது.

தீர்க்கதரிசி என்னும் பட்டத்தைப் பாரதியாரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வதால் அவர்க்கு இழப்பில்லை. உள்ளே உண்டுகொண்டிருந்தவன் "வந்துவிட்டேன்" என்று குரல் கொடுத்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கதவைத் தட்டிக் கேட்க வேண்டியவர் இன்றைய மாணவர். தட்டக் கற்பிக்க வேண்டியவர் தமிழாசிரியர்.